மிதக்கும் எலியும் தற்குறிப்பேற்ற அணியும்

கலைச்சொல்லாக்கம் தமிழ்த்துறைக்காரர்களுக்கு வாய்த்த ஒரு சிறு போதை. பிற துறை நண்பர் ஒருவர் ஆங்கிலச் சொல்லொன்றோடு வந்து நின்றால் போதும், நிகண்டிலிருந்தோ சங்க நூல்களிலிருந்தோ எதையாவது எடுத்து நீட்டிவிட நமக்குக் கை துறுதுறுக்கும். சென்ற பருவத்தில் உளவியல் துறை நண்பர் ஒருவர் தம் மாணவர்களுக்கான தமிழ்ப் பாடக்குறிப்புக்காக ஒரு பட்டியல் கொண்டுவந்தார். அதில் 'பிஹேவியரல் டெஸ்பேர்' என்றொரு தொடர் இருந்தது. மனச்சோர்வு மருந்துகளுக்காக எலியைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கும் சோதனையில் வருவது என்று மட்டும் சொன்னார். நாமும் அதிகம் யோசிக்காமல் 'நடத்தைக் கையறவு' என்று எழுதிக் கொடுத்தோம். புரவலனை இழந்த புலவன் செயலற்று நிற்கும் கையறுநிலை என்னும் துறை மனத்தில் இருந்தது. சொல் நன்றாக அமைந்துவிட்ட மகிழ்ச்சியில் அன்று மாலைத் தேநீர்கூடச் சற்றுக் கூடுதலாக இனித்தது. அதன் பிறகுதான் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, கொடுத்த சொல்லைத் திரும்பப் பெற வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

சோதனை எளிமையானது. உயரமான கண்ணாடி உருளை ஒன்றில் ஏறத்தாழ 25 பாகை வெப்பமுள்ள நீர். சுவர் வழுக்கும், ஏறி வெளியே வர வழியில்லை. அதில் எலியை விடுகிறார்கள். எலி முதலில் சுற்றிச் சுற்றி நீந்துகிறது, சுவரைப் பிராண்டுகிறது, முங்கிப் பார்க்கிறது. சில நிமிடங்களில் அந்தத் துள்ளல் குறைந்து, மூக்கை மட்டும் நீருக்கு மேலே வைத்துக்கொண்டு, மூழ்காமல் இருக்கத் தேவையான அளவுக்கே காலை அசைத்து மிதக்கிறது. 15 நிமிடங்கள் கழித்து வெளியே எடுத்து உலர்த்திக் கூண்டில் விடுகிறார்கள். மறுநாள் மீண்டும் அதே நீரில் 5 நிமிடங்கள். இம்முறை எலி விரைவாகவே மிதக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டு முழுக்குகளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் மனச்சோர்வு மருந்து செலுத்தப்பட்ட எலியோ கூடுதல் நேரம் நீந்துகிறது. எத்தனை நொடிகள் அசையாமல் கிடந்தது என்பதே கணக்கு. நொடி குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். சுண்டெலிக்கு இதையே ஒரே நாளில் 6 நிமிடங்களில் முடித்துவிடுகிறார்கள். கடைசி 4 நிமிடங்கள் மட்டும் கணக்கில் வரும்.

ரோஜர் போர்சோல்ட் என்பவர் தம் சகாக்களோடு 1977 இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். அசையாமல் மிதப்பதற்கு அவர்கள் இட்ட பெயர்தான் நம் நண்பர் கொண்டுவந்த தொடர். தப்ப முடியாது என்று எலி உணர்ந்துவிட்டது, நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டது என்பது அவர்களுடைய கருத்து. அதற்குப் பிறகு உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளில் இந்தச் சோதனை இடம்பெற்றது. மலிவானது, விரைவானது, கற்பிக்க எளிதானது. ஓர் ஆய்வு மாணவர் ஒரே வாரத்தில் முடிவுகளோடு வந்துவிடலாம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் அணியின் நினைவு வராமல் போகாது. தண்டியலங்காரம் சொல்லும் தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நிகழும் ஒன்றின் மீது கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. பள்ளி மாணவரும் அறிந்த எடுத்துக்காட்டு, சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் ஆடும் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வர வேண்டாம் என்று தடுப்பதாக இளங்கோ காட்டுவது. கொடி காற்றில் ஆடியது. வரப்போகும் துயரம் தெரிந்தவர் கவிஞர். அந்த அறிவைக் கொடியின் மேல் ஏற்றிவிட்டார். படிக்கும் நாமும் அதை அணி என்று தெரிந்தே ரசிக்கிறோம். கொடிக்கு முன்னறிவு உண்டு என்று எவரும் ஆய்வேடு எழுதவில்லை. மிதக்கும் எலிக்குக் கையறவு உண்டு என்று எழுதப்பட்டபோது, அணி என்ற குறிப்பு இல்லாமல் போய்விட்டது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது என்று கருதுகிறோம்.

எலியின் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது? தப்பிக்க வழியில்லாத நீரில் ஓயாமல் கை கால் அடிப்பது களைப்பையும் குளிரையும் மட்டுமே தரும். மிதந்தால் பிழைக்கலாம். சற்று நேரத்தில் ஒரு கை வந்து தூக்கிவிடும் என்பதையும் முதல் நாளிலேயே அது கண்டுவிட்டது. மறுநாள் விரைவாக மிதப்பது முந்தைய நாளின் பாடத்தை நினைவில் வைத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாமே. இந்த ஐயம் புதியதன்று. சோதனை வந்த மறு ஆண்டே எழுப்பப்பட்டது. ஆயினும் அழுத்தமாகப் பேசப்பட்டது 2015 இல்தான். மோலன்டைக், டி க்ளோட் என்னும் இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள், அசையாமல் மிதப்பது சூழலுக்கேற்பத் தகவமைதல், அது மனச்சோர்வைக் காட்டவில்லை என்று தலைப்பிலேயே அறிவித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். போர்சோல்டின் முதல் உருளையில் நீரின் ஆழம் வெறும் 15 சென்டிமீட்டர். வாலையோ பின்னங்காலையோ அடியில் ஊன்றிக்கொள்ளும் எலிகள் இருந்தன என்பதற்காகவே பின்னாளில் 30 சென்டிமீட்டராக்கினார்கள். ஊன்றி நிற்க இடம் கண்டுபிடித்த எலியைக் கையற்றது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

வாலில் தொங்கவிடும் சோதனை என்று இன்னொன்று உண்டு. 1985 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் உருவாக்கியது. சுண்டெலியின் வாலை நாடாவால் ஒட்டி 6 நிமிடங்கள் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். எப்போது துடிப்பதை நிறுத்துகிறது என்பதே கணக்கு. ஆய்வகங்களில் மிகப் பரவலாகப் பயன்படும் கருப்புச் சுண்டெலி இனம் ஒன்று, தன் வாலையே பற்றிக்கொண்டு மேலே ஏறி உட்கார்ந்துவிடும். சோதனையில் சிக்காமல் தப்பிய அறிவாளி என்று அதைப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் வால்மேல் ஏறியவற்றைக் கணக்கிலிருந்து நீக்குவது வழக்கமாயிற்று. பின்னர் ஏறவிடாமல் தடுக்க வாலில் சிறு பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிடும் முறையும் வந்தது. நம்பிக்கையின்மையை அளப்பதற்காக, நம்பிக்கையுள்ள ஒன்றைக் குழாய் மாட்டித் தடுக்க வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடு கூறினார். உரையாசிரியர்கள் ஒவ்வொன்றையும் நான்கு படிகளாக விரித்தார்கள்: சுவைக்குக் காரணமான பொருள், அதைப் பொறி உணர்தல், உள்ளத்தில் எழும் குறிப்பு, அது உடலில் வெளிப்படும் விறல். கண்ணீர், மயிர்ச் சிலிர்ப்பு போன்றவை கடைசிப் படி. கண்ணீர் மட்டும் தெரிந்தால் அழுகையா உவகையா என்று சொல்ல முடியாது. முதற்படியிலிருந்து வர வேண்டும். போர்சோல்டின் உருளையில் கடைசிப் படி மட்டுமே அளக்கப்படுகிறது, அதுவும் நொடிக் கணக்கில். மூன்றாம் படியாகிய உள்ளக் குறிப்பை அளப்பவர் தாமே நிரப்பிக்கொள்கிறார். பழைய உரைகளில் நவீன அறிவியல் எல்லாம் இருக்கிறது என்று நிறுவும் கூட்டத்தில் நாம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஓர் அடையாளத்தை வாசிப்பதற்கு எவ்வளவு தேவைப்படும் என்பதில் உரையாசிரியர்கள் கவனமாக இருந்தார்கள், அவ்வளவே.

சோதனையை ஆதரிப்பவர்களின் முதன்மையான வாதம் வேறு. எலிக்குள் என்ன நடந்தாலும் சரி, மனிதருக்குப் பலன் தரும் மருந்துகளை இது சரியாகப் பொறுக்கி எடுக்கிறதே, அது போதாதா என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பொறுக்குதலும் அவ்வளவு சரியாக இல்லை. உற்சாகமூட்டும் ஆம்ஃபெட்டமின், நாம் அன்றாடம் குடிக்கும் காப்பியிலுள்ள காஃபீன் ஆகியவையும் எலியைக் கூடுதல் நேரம் நீந்தவைக்கும். மறுபக்கத்தில், இன்று மிகுதியாக எழுதப்படும் செரட்டோனின் வகை மாத்திரைகளைப் பழைய எலிச் சோதனை பலமுறை தவறவிட்டது. 1995 இல் டெட்கே, லுக்கி முதலியோர் நீந்துவதையும் சுவரேற முயல்வதையும் பிரித்து எண்ணத் தொடங்கிய பிறகுதான் அவை பிடிபட்டன. இன்னொரு முரண் காலம் பற்றியது. மனிதருக்கு இம்மாத்திரைகள் முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். எலிக்கோ ஒரே நாளில் மூன்று ஊசி போதும். இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதானா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்த மருந்துகள் எப்படிக் கிடைத்தன என்ற வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: முதல் மனச்சோர்வு மருந்துகளை எந்த எலியும் காட்டித் தரவில்லை. 1952 இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் கொடுத்தார்கள். நோயாளிகள் எதிர்பாராத உற்சாகம் அடைந்தார்கள். அதைக் கவனித்ததிலிருந்து ஒரு வகை மருந்து பிறந்தது. சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் ரோலன்ட் கூன், மனச்சிதைவுக்கு உதவுமா என்று பார்க்க வந்த இமிப்ரமினை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்து, அவர்களோடு பேசி, அவர்கள் சொன்னதைக் கேட்டு 1957 இல் வெளியிட்டார். கேட்டல்தான் அங்கே கருவி. தூக்கம் எப்படி இருக்கிறது, உணவு ருசிக்கிறதா, பிள்ளைகளைப் பார்க்கத் தோன்றுகிறதா என்ற கேள்விகளும் அவற்றுக்கு வந்த பதில்களும். எலிச் சோதனை இதற்கு 20 ஆண்டு பிந்தியது. ஏற்கெனவே தெரிந்த மருந்துகள் எதை மாற்றுகின்றன என்று பார்த்துச் சோதனையை அமைத்தார்கள். பிறகு அச்சோதனையால் புது மருந்து தேடினார்கள். பழைய சாவிக்கு ஏற்பப் பூட்டுச் செய்துவிட்டு அந்தப் பூட்டைத் திறக்கும் சாவிகளைச் சேகரிப்பது போன்றது இது. கிடைப்பவை பழைய சாவியின் உறவினர்களாகவே இருக்கும்.

இடையில் நம் நாட்டு மூலிகை ஒன்றின் கதையும் வருகிறது. சர்ப்பகந்தா வேர் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் இங்கே நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டது. 1931 இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அதைப் பற்றி எழுதினார்கள். 1949 இல் மும்பையின் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்த அழுத்தத்துக்கு அதன் பயனைப் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952 இல் அதிலிருந்து ரிசர்பின் பிரிக்கப்பட்டது. இதை உட்கொண்ட இரத்த அழுத்த நோயாளிகளில் சிலர் மனம் சோர்ந்து போனதாகக் குறிப்புகள் வந்தன. ரிசர்பின் செலுத்தப்பட்ட முயலும் எலியும் கண்ணிமை தொங்கிச் சுருண்டு கிடந்தன. அப்படிக் கிடந்தவற்றை எழுப்பிவிடும் பொருளே மனச்சோர்வு மருந்து என்று 1960களில் ஒரு சோதனை முறை நிலைபெற்றது. 2003 இல் பழைய குறிப்புகளைத் திரும்பப் படித்தவர்கள், ரிசர்பினால் மனச்சோர்வு வருகிறது என்பதே ஆதாரம் போதாத நம்பிக்கை என்று எழுதினார்கள். மந்தத்தை மனச்சோர்வு என்று வாசித்த பிழை போர்சோல்டுக்கு முன்பே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறோம். அசையாமல் கிடக்கும் உயிரைக் கண்டால் அதற்கு ஒரு சோகக் கதை எழுதிவிட மனிதக் கை தயாராக இருக்கிறது.

அதற்கும் முன்னால் கர்ட் ரிக்டர் இருக்கிறார். 1957 இல் அவர் எழுதிய கட்டுரையை இன்றைய தன்முன்னேற்றப் பேச்சாளர்கள் பாவம், படிக்காமலே புகழ்பெறச் செய்துவிட்டார்கள். நீரில் விடப்பட்ட எலி சில நிமிடங்களில் செத்ததாம். ஒருமுறை காப்பாற்றி மறுபடி விட்டால் 60 மணி நேரம் நீந்தியதாம். நம்பிக்கையின் ஆற்றலைப் பாரீர் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். விரைந்து இறந்தவை பிடிபட்ட காட்டெலிகள் என்பதையும், மீசை மயிர் கத்தரிக்கப்பட்டிருந்தது என்பதையும், நெடுநேரம் நீந்திய வளர்ப்பெலிகளை எவரும் முன்பே காப்பாற்றியிருக்கவில்லை என்பதையும் சொல்வதில்லை. சில முறை நீரில் விட்டு எடுக்கப்பட்ட காட்டெலிகள் பிறகு வளர்ப்பெலிகளைப் போல நீந்தின என்பது உண்மைதான். அதற்கு நம்பிக்கை என்று பெயரிட்டதில் ரிக்டருக்கும் பங்குண்டு.

பெயரிட்டவர்களே திரும்பி வந்து திருத்திய நிகழ்வும் உண்டு. அதை மரியாதையோடு குறிப்பிட வேண்டும். 1967 இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகியோர் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு நாய் பலகையைத் தலையால் அழுத்தி அதிர்ச்சியை நிறுத்தலாம். அதன் இணையான இன்னொன்றுக்கு அதே அதிர்ச்சி, ஆனால் நிறுத்தும் வழியில்லை. பிறகு தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற பெட்டியில் விட்டபோது, வழியில்லாதிருந்த நாய்களில் பெரும்பாலானவை முனகியபடி படுத்துவிட்டன. உதவியற்ற நிலையை அவை கற்றுக்கொண்டன என்றார்கள். உளவியல் பாடநூல்கள் அனைத்திலும் ஏறிய கருத்து இது. 2016 இல், 50 ஆண்டுகளை ஒட்டி, அதே இருவரும் எழுதினார்கள்: நாம் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தோம். நீடித்த துன்பத்தில் செயலற்றுப்போவது உயிரின் கற்காத இயல்பு. மூளைத்தண்டிலுள்ள செரட்டோனின் நரம்பணுக்கள் அதை நிகழ்த்துகின்றன. இதை என்னால் நிறுத்த முடியும் என்பதைத்தான் விலங்கு கற்கிறது. முன்மூளை அதைக் கண்டுகொண்டு அந்த நரம்பணுக்களை அடக்குகிறது. தம் புகழுக்கே காரணமான பெயரைத் தாமே பொய்யென்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? நம் துறையில் 50 ஆண்டுக்கு முன் எழுதிய பாடபேதக் குறிப்பைத் திருத்திக்கொண்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவர்கள் திருத்திக்கொண்டதும் விலங்காய்வின் மூலம்தான். எலி மூளையில் எந்த நரம்பணு எதை அடக்குகிறது என்று பார்த்ததால்தான் அது தெரிந்தது. ஆகவே விலங்காய்வு முழுதும் வீண் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்ள நம்மால் இயலாது.

வீணானவை உண்டு. தாயைப் பிரிந்த கினிப்பன்றிக் குட்டிகளின் கதறலைக் குறைத்தது என்ற ஆதாரத்தோடு, 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற நரம்புப் பொருளைத் தடுக்கும் மருந்தொன்று 1998 இல் 'சயன்ஸ்' இதழில் பெரும் எதிர்பார்ப்போடு அறிமுகமானது. முதல் மனிதச் சோதனையும் நம்பிக்கை தந்தது. பின்னர் நடந்த பெரிய சோதனைகளில் வெற்று மாத்திரையை விட அது மேலானதாக இல்லை என்று 2006 இல் வெளியிட்டார்கள். அப்ரிபிடன்ட் என்ற அந்த மருந்து புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் வாந்தியை அடக்க இன்று பயன்படுகிறது. அந்த வகையில் பிழைத்துக்கொண்டது.

கெட்டமினின் கதை எதிர்த்திசையில் போகிறது. மனிதருக்கு மணிக்கணக்கில் பலன் தந்ததை 2000 இல் ஒரு சிறு ஆய்வு காட்டியது. எலிகளிலும் சுண்டெலிகளிலும் நீச்சல் சோதனை அதை ஒப்புக்கொண்டது. சோதனையின் ஆதரவாளர்கள் இதைச் சுட்டிக்காட்டுவார்கள், காட்டட்டும். ஆனால் 2022 இல் மேரிலாந்து ஆய்வாளர்கள் கண்டது நம்மை நெடுநேரம் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைத்தது. ஊசி போட்டவர் ஆணாக இருந்தால் சுண்டெலியிடம் கெட்டமின் வேலை செய்தது. பெண்ணாக இருந்தால் செய்யவில்லை. ஆணின் வாசனை சுண்டெலிக்கு அச்சம் தருகிறது. அந்த அச்சத்தோடு சேர்ந்துதான் மருந்தின் விளைவு வெளிப்படுகிறது. எலி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, மோந்துகொண்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக நொடி எண்ணியவர்களின் வியர்வையும் கணக்கில் கலந்திருந்தது.

இவற்றையெல்லாம் குறிப்பெடுத்த தாள்கள் மேசைமேல் கிடந்தபோது, முன்பு நம்மிடம் இளங்கலை படித்த மாணவி ஒருவர் பார்க்க வந்தார். இரண்டாண்டாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர், அதை மறைப்பதில்லை. தாள்களைப் புரட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்போ நான் சாப்பிடுற மாத்திரையெல்லாம் இந்த எலிய வச்சுத்தான் குடுக்குறாங்களா ஐயா? நிறுத்திடலாமா?"

நமக்குத் திக்கென்றது. எழுத்தைப் பற்றி எழுதிப் பழகியவர்களுக்கு, எழுதுவது ஒருவரின் இரவு உணவுக்குப் பிந்தைய மாத்திரையைத் தொட்டுவிடும் என்ற எண்ணம் எளிதில் வருவதில்லை. அவரிடம் சொன்னதை இங்கும் சொல்லிவிட வேண்டும். எலிச் சோதனை தவறான பெயரோடு உலவுவது ஒரு செய்தி. மாத்திரை பலன் தருகிறதா என்பது வேறு செய்தி. இரண்டாவதற்குச் சான்று மனிதர்களிடமிருந்தே வருகிறது. 2018 இல் சிப்ரியானியும் சகாக்களும் 'லான்செட்' இதழில் 21 மருந்துகளைப் பற்றிய 522 சோதனைகளை, 1,16,477 பேரின் தரவுகளை ஒருங்கே தொகுத்தார்கள். 21 மருந்துகளும் வெற்று மாத்திரையை விடக் கூடுதல் பலன் தந்தன. அந்தக் கூடுதல் பெரிதன்று, ஆளுக்கு ஆள் மாறுகிறது, பெரும்பாலான சோதனைகள் 8 வாரம் போன்ற குறுகிய காலத்துக்கானவை. இவற்றையும் மறைக்கக் கூடாது. ஆனால் பலன் உண்டு. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் தூக்கக் கேடும் பதற்றமும் வரலாம். குறைப்பதானாலும் மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அவர் தலையசைத்தார். பிறகு அந்த மிதக்கும் எலியின் படத்தைக் காட்டிச் சொன்னார்: "நான் படுத்தே கெடந்தப்போ எங்க வீட்ல எல்லாரும், இவ எதையும் நெனைக்காம சும்மா கெடக்கான்னு சொல்வாங்க. எனக்கு உள்ள ஒரு நிமிஷம்கூட ஓயல ஐயா."

இந்த ஒரு வாக்கியத்தை எந்த உருளையிலும் அளக்க முடியாது. வெளியே அசைவின்மை, உள்ளே ஓயாமை. எலிக்கு உள்ளே என்னவோ? அது சொல்லாது. குற்றவுணர்வு, தகுதியின்மை, வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஆகிய மூன்றும் மருத்துவர்கள் மனச்சோர்வை அறியும் அடையாளங்களில் அடங்கும். மூன்றும் சொல்லின் வழியே வெளிப்படுபவை. விலங்கிடம் இவற்றைத் தேடுவதில் பயனில்லை. தேடக்கூடியவை சில உண்டு: உறக்கம், உணவு, இன்பத்தில் நாட்டம். பால் வில்னர் 1987 இல் செய்தது அந்த வகை. கூண்டைச் சாய்த்து வைத்தல், ஈரப் படுக்கை, இரவில் விளக்கு என்று சிறு தொல்லைகளை வாரக்கணக்கில் மாற்றி மாற்றிக் கொடுத்தார். எலிக்குச் சர்க்கரை நீரில் இருந்த நாட்டம் குறைந்தது. மருந்து கொடுத்தபோது வாரக்கணக்கில் மெல்லத் திரும்பியது. கால அளவாவது மனிதரோடு ஒத்துப்போகிறது. ஆனால் செலவும் உழைப்பும் அதிகம். சில ஆய்வகங்களில் கிடைத்த முடிவு வேறு சிலவற்றில் கிடைக்கவில்லை. 6 நிமிடச் சோதனை ஏன் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இப்போது சட்டமும் அசையத் தொடங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024 இல் கட்டாய நீச்சல் சோதனையைச் சட்டம் இயற்றித் தடைசெய்தது. அதே ஆண்டில் பிரித்தானிய அரசு இதை முற்றாக ஒழிப்பதே தன் குறிக்கோள் என்று கூறியது. இதை நாம் வரவேற்கிறோம். எலியின் துன்பம் ஒரு காரணம். அந்தத் துன்பத்தைக் கொடுத்துப் பெறும் விடை எந்தக் கேள்விக்கானது என்று தெளிவில்லாதது அதைவிடப் பெரிய காரணம். அதே மூச்சில், எலியை விட்டுவிட்டு மனிதரிடம் கேட்டால் எல்லாம் தூய்மையாகிவிடும் என்ற கற்பனையும் வேண்டாம். கேட்டலின் முன்னோடி என்று மேலே போற்றிய ரோலன்ட் கூன், ஒப்புதல் பெறாத பல பொருள்களை நோயாளிகள் மீது, அவர்களுக்குச் சரிவரத் தெரிவிக்காமலே, பல்லாண்டுகள் சோதித்தார் என்பதை 2019 இல் வெளிவந்த ஒரு வரலாற்று விசாரணை நிறுவியது. நீருக்குள் யாரை விடுவது என்ற கேள்வி மனிதரிடம் வந்தாலும் தீர்ந்துவிடுவதில்லை.

உளவியல் நண்பரைச் சென்ற வாரம் பார்த்து, நாம் கொடுத்த சொல்லை நீக்கிவிடும்படி கேட்டோம். 'அசைவின்மை நேரம்' என்று போடுங்கள், பக்கத்தில் அலகு நொடி என்று குறியுங்கள் என்றோம். போர்சோல்ட் அளந்தது அதைத்தான். அவருக்கு மனமில்லை. "கையறவுன்னு இருந்தாத்தான் சார் பசங்களுக்கு மனசுல நிக்கும். நீங்க சொல்றது மின்கட்டண அட்டை மாதிரி இருக்கு" என்றார். மனத்தில் நிற்பதுதான் அச்சொல்லின் குற்றம் என்று சொல்லிப் பார்த்தோம். கடைசியில் இரண்டையும் போட்டு, பழையதை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட ஒப்புக்கொண்டார். பட்டியலில் அடுத்ததாக இருப்பது 'லேர்ன்டு ஹெல்ப்லெஸ்னெஸ்'. 2016 க்குப் பிறகு அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்தக் கட்டத்தை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறோம்.